கலவை கொட்டும் நாளில் ஒரு பொறியாளர் வேண்டும்

அரசுச் செயலாளர் அவர்களுக்கும், முதன்மைப் பொறியாளர் அவர்களுக்கும்,

எங்கள் பிர்க்காவில், அதாவது பல ஊர்கள் சேர்ந்த வருவாய்க் குறுவட்டத்தில், பொறியியல் பிரிவு அலுவலகம் ஒன்றைத் திரும்ப அமைக்க வேண்டும் என்று ஒன்பது ஊர்க்காரர்கள் கையெழுத்திட்டு அனுப்பிய மனுவுக்குச் சென்ற மாதம் பதில் வந்தது. நான்கே வரி. நிர்வாகக் காரணங்களால் தனி அலுவலகத்துக்கு வாய்ப்பில்லை, இப்போது இருக்கும் அலுவலர்களே கூடுதல் பொறுப்பாகப் பணிகளைக் கண்காணிப்பார்கள் என்பது அதன் சாரம். மனுவைக் கொடுத்து அந்த நான்கு வரிக்காக ஏழு மாதம் காத்திருந்தோம். அந்தக் 'கூடுதல் பொறுப்பு' என்ற ஏற்பாட்டால் எங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் முழுதாகத் தெரிந்துகொள்ளாமலே இந்த முடிவை எடுத்திருக்கிறீர்கள். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஊர்ப் பெயர்களும் அலுவலகத்தின் பெயரும் மனுவில் இருக்கின்றன. இங்கே அவற்றை எழுதவில்லை. யாரையும் குறிவைத்துத் தண்டனை வாங்கித் தருவதற்காக நான் எழுதவில்லை.

நான் விவசாயி. கண்மாய்ப் பாசனத்தில் இரண்டரை ஏக்கர். என் அப்பா இந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த மடையை எத்தனை நாழிகை திறப்பது, எந்த வயலுக்கு முதல் தண்ணீர், கண்மாய் நிறைந்து, மிகுதி நீர் வழியும் கலுங்கில் மறுகால் போகும்போது கரையில் எங்கே காவல் நிற்பது, எல்லாம் அவர் கையில் இருந்தது. எனக்கு எட்டு வயதிலிருந்து கரையில் அவர் பின்னாலேயே நடந்திருக்கிறேன். கரையைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான். பொறியியல் படித்தவன் இல்லை.

சந்தைத் திடலுக்கு எதிரே ஓட்டுக்கூரை போட்ட ஒரு சின்னக் கட்டடத்தில் அந்த அலுவலகம் இருந்தது. ஓர் உதவிப் பொறியாளர், ஒரு ஒர்க் இன்ஸ்பெக்டர், கரையையும் மடையையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களான லஸ்கர்கள் மூன்று பேர். சுவரில் எங்கள் பகுதிக் கண்மாய்களின் தொடர் முழுவதும் வரைந்த நீலநிற வரைபடம் தொங்கும். எந்தக் கண்மாயின் மறுகால் எந்தக் கண்மாய்க்கு வரத்து என்பதை அதில் விரலால் தொட்டுக்கொண்டே போகலாம். ஐப்பசி பிறந்தால் அந்தப் பொறியாளர் சைக்கிளில், பின்னாளில் டிவிஎஸ் வண்டியில், ஒவ்வொரு கரையாக வருவார். எலி வளை, நண்டு வளை எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்பார். அப்பா காட்டுவார். மறுநாள் லஸ்கர் வந்து தோண்டி, களிமண் வைத்து இடித்து இறுக்குவார். அந்தப் பொறியாளர் எல்லோருக்கும் நல்லவராக இருந்தார் என்று சொல்லமாட்டேன். கோபக்காரர், ஊர்க்காரர்களோடு சண்டையும் போட்டிருக்கிறார். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் நின்றார். நாங்கள் கேட்பது அதைத்தான்.

பிறகு அந்த அலுவலகம் மாவட்டத் தலைநகரில் இருந்த இன்னொரு பிரிவோடு சேர்க்கப்பட்டது. இங்கிருந்து 52 கிலோமீட்டர், இரண்டு பேருந்து மாற வேண்டும். லஸ்கர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். அந்த இடங்களுக்கு யாரும் வரவில்லை. கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. வரைபடம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பகுதிக்கு வேலையே வரவில்லை என்று சொன்னால் அது பொய். பணம் வந்தது. மூன்று பெரிய வேலைகள் நடந்தன. மூன்றும் கெட்டுப்போயின.

முதலில் கரை. பலவீனமாக இருந்த 400 மீட்டர் நீளத்தைப் பலப்படுத்த டெண்டர் விட்டார்கள். பழைய கரையோடு புது மண்ணைச் சேர்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பழைய சரிவைப் படிக்கட்டுப் போலச் செதுக்கிவிட்டு, அரை அடி அரை அடியாக மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, அது இறுகிய பிறகுதான் அடுத்த அடுக்கு. எங்கள் ஊரில் நடந்தது வேறு. ஜேசிபியைக் கண்மாய்க்குள் இறக்கி, கரையின் உள் அடிவாரத்திலேயே மண்ணைத் தோண்டி, காய்ந்த கட்டியாக அள்ளி மேலே கொட்டினார்கள். எந்தக் கரையைப் பலப்படுத்த வந்தார்களோ அதன் காலையே தோண்டினார்கள். உருளை வரவில்லை. நான் போய்த் தடுத்தேன். வண்டி ஓட்டிய பையன், "அண்ணே, எனக்குச் சொன்னதைச் செய்றேன்" என்றான். ஒப்பந்ததாரரின் ஆள், "எஸ்டிமேட்டில் உருளைக்குத் தொகை இல்லை" என்றார். அது உண்மையா பொய்யா என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அலுவலகத்துக்கு போன் செய்தேன். கூடுதல் பொறுப்பாக எங்கள் பகுதியையும் பார்த்த உதவிப் பொறியாளர் அன்று வேறு ஒரு வட்டத்தில் ஆய்வுக் கூட்டத்தில் இருந்தார். நான்காம் நாள் வந்தார். அதற்குள் வேலை முடிந்து, மேலே சரளை பரப்பி, பார்ப்பதற்கு அழகாக இருந்தது. நாடாவைப் பிடித்து நீளம், அகலம், உயரம் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனார். அவர் எழுதிய அளவில் தவறில்லை. உள்ளே மண் எப்படிக் கிடக்கிறது என்பதை நாடா காட்டாது.

மறு வருடம் கார்த்திகையில், இரண்டு உழவு மழை பெய்த ஒரு ராத்திரி, புதுக் கரையில் இரண்டாம் மடைக்கு வடக்கே சேறு கலந்த தண்ணீர் கசிந்தது. கட்டுமானச் சுவரும் மண்ணும் சேரும் இடத்தில்தான் தண்ணீர் முதலில் வழி தேடும், அங்கே மண்ணைக் கையால் இடிக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். கசிவு தெளிந்த நீராக இருந்தால் பயமில்லை, கலங்கலாக வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று அர்த்தம். நானும் இன்னும் பதினோரு பேரும் மணல் மூட்டை போட்டோம். விடியற்காலை மூன்றரை மணிக்குக் கரை போனது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் குளம் குளமாக உடைந்ததே, அப்படிப்பட்ட மழையில் எங்கள் கரை போயிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். வானத்தோடு யாரும் வழக்காட முடியாது. எங்களுக்குப் பெய்தது வழக்கமான கார்த்திகை மழை. என் அப்பா காலத்தில் அதைவிடப் பெரிய மழையை இதே கரை தாங்கியிருக்கிறது.

உடைப்புக்கு நேரே இருந்த வயல்களில் மணல் மேடிட்டது. அது பார்த்தவுடன் தெரிந்த நஷ்டம், கணக்கெடுத்தார்கள், கொஞ்சம் நிவாரணமும் வந்தது. எந்தப் பட்டியலிலும் ஏறாத நஷ்டம் தை மாதம் வந்தது. பயிர் பொதி கட்டி நின்றபோது இன்னும் இரண்டு பாய்ச்சல் தண்ணீர் தேவைப்பட்டது. கண்மாய் வெறும் தரையாகக் கிடந்தது. வெள்ளத்தில் தப்பிய வயல்கள் வெயிலில் கருகின. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒரே வருடத்தில், ஒரே வயலுக்கு மனு எழுதினோம்.

இரண்டாவது, கலுங்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் போனது பயிர் மட்டுமில்லை.

எங்கள் கண்மாயின் உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கும் பரப்பு, எங்கே முடிகிறதோ, அங்கே எங்களுக்கு மேலே இருக்கும் ஊரின் (அதை இங்கே மேலூர் என்றே சொல்கிறேன்) கண்மாயின் கடைசி வயல்கள் தொடங்குகின்றன. அதனால் எங்கள் கலுங்கு எவ்வளவு உயரம் என்பது இரண்டு ஊருக்கும் இடையே தலைமுறைகளாக இருந்துவரும் ஒப்பந்தம். பழைய கலுங்கின் ஓரத்தில் ஒரு கல் நட்டு, அதில் உளியால் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு விரற்கடை ஏறக் கூடாது. புதுக் கலுங்கு கட்டும்போது அந்தக் கல்லைப் பெயர்த்து எங்கோ போட்டுவிட்டார்கள். மட்டம் பார்க்கும் கருவி வரவில்லை. மேஸ்திரி தண்ணீர் ட்யூபைப் பிடித்து, பக்கத்தில் இருந்த பாலத்தின் திண்டை வைத்து ஒரு மட்டம் எடுத்தார். கட்டி முடித்துத் தண்ணீர் நின்றபோது, புதுக் கலுங்கு பழையதைவிட ஏழு அங்குலம் உயரமாக இருந்தது தெரிந்தது.

ஏழு அங்குலம். காகிதத்தில் அது ஒன்றுமே இல்லை. மேலூரில் பதினெட்டு ஏக்கரில் நாற்று நட்ட இடத்தில் முழங்கால் தண்ணீர் இருபது நாள் நின்றது. அவர்கள் எங்களிடம் வந்து கேட்டார்கள். அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம், பொறியாளர் வருவார் என்றோம். வரவில்லை. ஒரு ராத்திரி கடப்பாரையோடு வந்து கலுங்கின் மேல்வரிசையை உடைத்தார்கள். எங்கள் ஊர் இளைஞர்கள் ஓடினார்கள். இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. இரண்டு ஊரிலும் சேர்த்து இருபத்து மூன்று பேர் மேல் வழக்கு. அந்த ஊரில்தான் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அந்த வருடம் பொங்கல் சீர் கொண்டுபோக என்னால் முடியவில்லை. அக்கா ஊர் எல்லை வரை வந்து பானையை வாங்கிக்கொண்டு போனாள்.

மட்டக் கருவியை முக்காலியில் வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அரைமணி நேரம் நின்றிருந்தால் இது நடந்திருக்காது. இரண்டு ஊர்ப் பகைக்கும் காரணம் அந்த அரைமணி நேரம்தான். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

மூன்றாவது, தொடக்கப்பள்ளிக்குப் போகும் வழியில், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மேலே கட்டிய சிறுபாலம். கான்கிரீட் போட்ட மறுநாளே வெயில் கொளுத்தியது. சாக்கு போட்டு நனைக்க ஆளில்லை. சாதாரண சிமெண்ட் என்றாலும் ஏழு நாள், இப்போது கடைகளில் கிடைக்கும் கலப்புச் சிமெண்ட் என்றால் பத்து நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்பது கொத்தனாருக்கும் தெரிந்த கணக்கு. கலவையை 15 செ.மீ. கன அச்சுகளில் எடுத்து வைத்து 28 நாள் கழித்து எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று அமுக்கிப் பார்க்க வேண்டும். அச்சு எடுக்கவே இல்லை. பாலம் இன்னும் விழவில்லை, ஆனால் கம்பி வெளியே தெரிகிறது. பிள்ளைகள் அதன் மேல்தான் போகிறார்கள்.

இந்த மூன்றிலும் ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பொதுப்பணியில் முக்கியமானது எல்லாம் மூடப்படும். மண் மண்ணுக்குள் போகும், கம்பி கான்கிரீட்டுக்குள் போகும், அஸ்திவாரம் தரைக்குள் போகும். மூடுவதற்கு முந்தைய சில மணி நேரம்தான் அதைப் பார்க்க முடியும். அந்த நேரத்தில் இருப்பதற்குப் பெயர்தான் கண்காணிப்பு. நான்காம் நாள் நாடாவோடு வருவதை வேறு எந்தப் பெயரால் வேண்டுமானாலும் சொல்லுங்கள். 52 கிலோமீட்டர் தள்ளி, மூன்று பிரிவுகளின் பொறுப்பைத் தலையில் சுமந்துகொண்டிருக்கும் ஒருவரால் அந்த நேரத்தில் இங்கே இருக்கவே முடியாது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் முடியாது.

அந்த உதவிப் பொறியாளரை நான் குறை சொல்லவில்லை. கரை உடைந்த மறுநாள் அவர் வந்தார். இருபத்தெட்டு, முப்பது வயதுதான் இருக்கும். உடைப்பு வாயில் நின்று நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, அன்னைக்கு மட்டும் நாலு இடத்துல வேலை நடந்துச்சு. நான் எங்க நிப்பேன்?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

தென்பெண்ணையாற்றில் தளவானூருக்கும் எனதிரிமங்கலத்துக்கும் இடையே சுமார் 25 கோடி ரூபாயில் தடுப்பணை கட்டினார்கள். 2020-இல் திறந்தார்கள், 2021 ஜனவரியில் ஒரு பக்கச் சுவர் உடைந்தது. பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். செய்தியில் பார்த்தபோது எங்கள் கரைதான் நினைவுக்கு வந்தது. உடைந்த பிறகு ஒருவரை நீக்குவதால் ஒரு சொட்டுத் தண்ணீரும் திரும்பி வராது. வேலை நடக்கும்போது ஒருவரை நிறுத்துவதுதான் எங்களுக்கு உதவும்.

இன்னொரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் ஒரு துறையிடம். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். எங்கள் கண்மாய் 92 ஏக்கர், மேலூர்க் கண்மாய் 300 ஏக்கருக்கும் மேல். இரண்டுக்கும் நடுவில் ஓடும் வரத்துக்காலில் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டுமானால் வருவாய்த்துறை. அதன் மேலே போகும் சாலைப் பாலம் இன்னொரு துறை. தண்ணீர் ஒரே தண்ணீர்தான். ஏழு அங்குலத் தகராறு வந்தபோது நான் நான்கு அலுவலகப் படி ஏறினேன். ஒவ்வொருவரும் சொன்னது சட்டப்படி சரியாகத்தான் இருந்தது. இது எங்கள் வேலை இல்லை என்றார்கள். பிர்க்கா அளவில் எல்லாத் துறையின் கட்டுமானத்தையும் ஒரே பார்வையில் பார்க்கும் ஒரு பொறியியல் அலுவலகம் வேண்டும் என்று மனுவில் கேட்டது இதனால்தான். பழைய அலுவலகத்தை அப்படியே திரும்பக் கேட்கவில்லை, அதைவிடக் கொஞ்சம் அகலமாகக் கேட்கிறோம்.

இது எங்கள் பேராசை இல்லை. உத்திரமேரூர் கல்வெட்டைப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. அந்த ஊருக்கு ஏரியைப் பார்க்க என்றே தனி வாரியம் இருந்திருக்கிறது, ஆறு பேர், ஓராண்டுப் பொறுப்பு. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினர்களையும் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏரிக்கு அருகிலேயே ஆள் இருக்க வேண்டும், அந்த ஆள் கணக்குச் சொல்ல வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஓர் ஊர் சபையால் முடிந்த ஏற்பாடு இது.

சென்னை மாகாணத்தில் பொதுப்பணித்துறை உருவானது 1858-இல். அதே வருடம்தான் குடிமராமத்து, அதாவது ஊர்மக்களே கண்மாயைப் பராமரிக்கும் வேலைக்கு வராதவர்களைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் வந்தது. குடிமக்களின் உழைப்பு ஒரு கை, அரசின் பொறியாளர் இன்னொரு கை என்று வைத்தார்கள். அந்தச் சட்டத்தின் கடுமையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் இரண்டு கையும் வேண்டும் என்ற கணக்கு சரி. 2017-இல் குடிமராமத்து மறுபடி தொடங்கியபோது நாங்கள் எங்கள் கையை நீட்டினோம். மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவும் பொருளாகவும் பணமாகவும் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். எங்கள் பெண்கள் ஆறு நாள் சீமைக்கருவேலம் வெட்டினார்கள், முள் குத்திய கையோடு நாற்று நட்டார்கள். இன்னொரு கைக்காகத்தான் இன்றுவரை காத்திருக்கிறோம்.

செலவு என்று சொல்வீர்கள். உடைந்த கரையை மறுபடி கட்டவும், கலுங்கைக் குறைக்கவும், பாலத்தை இடித்துக் கட்டவும் இப்போது போட்டிருக்கும் மதிப்பீட்டை எடுங்கள். ஒரு பொறியாளர், ஒரு ஒர்க் இன்ஸ்பெக்டர், இரண்டு லஸ்கர்கள், ஒரு மட்டக் கருவி, கன அச்சுகள், ஒரு வண்டி. இவற்றுக்கு ஓராண்டு ஆகும் தொகையை அதன் பக்கத்தில் எழுதுங்கள். மூன்றையும் இரண்டு முறை கட்டுவதற்குப் பணம் இருக்கிறது, ஒரு முறை சரியாகக் கட்டவைப்பதற்குப் பணம் இல்லை என்று எங்களிடம் எப்படிச் சொல்வீர்கள்? கட்டடத்துக்கும் செலவில்லை. ஓட்டை மாற்றினால் போதும். ஓடு மாற்றும் வேலையை ஊரே செய்து தரும், இதை ஒன்பது ஊரின் சார்பில் எழுதுகிறேன்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

கூடுதல் பொறுப்பு என்று அனுப்பிய பதிலைத் திரும்பப் பெற்று, எங்கள் பிர்க்காவுக்கு முழுநேர உதவிப் பொறியாளரோடு ஒரு பொறியியல் பிரிவு அலுவலகத்தை வரும் ஐப்பசிக்கு முன்பாக, பழைய கட்டடத்திலேயே திறக்க வேண்டும். கண்மாய், வரத்துக்கால், சிறுபாலம், பள்ளிக் கட்டடம், எந்தத் துறையின் பணமாக இருந்தாலும், இந்த எல்லைக்குள் நடக்கும் அரசுக் கட்டுமானம் அனைத்தையும் நேரில் பார்க்கவும், தவறு நடந்தால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தவும் அந்த அலுவலகத்துக்கு எழுத்துபூர்வமான அதிகாரம் வேண்டும். நிறுத்தும் அதிகாரம் இல்லாமல் பார்வையிடும் அதிகாரம் மட்டும் கொடுத்தால் எங்களுக்குப் பயனில்லை.

மண் நிரப்பும் நாளும் கான்கிரீட் கொட்டும் நாளும் பொறியாளர் நேரில் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. அந்த நாளில் அவர் வந்ததற்கான பதிவும், கன அச்சுச் சோதனை முடிவும், அளவுப் புத்தகத்தின் நகலும் ஊராட்சி அலுவலகத்தில் யார் கேட்டாலும் பார்க்கும்படி இருக்க வேண்டும். இவை இல்லாமல் ஒப்பந்ததாரருக்கு இறுதி பில் தொகை வழங்கக் கூடாது.

லஸ்கர் பணியிடங்களில் குறைந்தது இரண்டை நிரப்ப வேண்டும். கரையைத் தினமும் நடந்து பார்ப்பவர் இல்லாத கண்மாய்க்கு எந்தப் பொறியாளராலும் காவல் இருக்க முடியாது.

கலுங்கின் சரியான மட்டத்தை இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடியிருக்க, கருவி வைத்து அளந்து, அந்த உயரத்தில் மறுபடி ஒரு கல் நட்டுத் தர வேண்டும். பழைய கல்லை உள்வாயில் தேடிக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். கோடு இன்னும் அழியவில்லை.

பள்ளிக்கூடப் பாலத்தை மட்டும் எந்தக் கோப்பும் நகரும் வரை காத்திருக்காமல், இந்த வாரமே ஒரு பொறியாளரை அனுப்பிச் சோதித்து, பிள்ளைகள் அதன் மேல் நடக்கலாமா கூடாதா என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.